ஆறு மாதத் தலைவி

எங்கள் சங்கத்தில் ஆட்சி கவிழ்ந்தது ஒரு கார் பார்க்கில். கையில் தட்டு, தட்டில் புளியோதரை, மேலே தூறல். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அன்று அங்கே நின்ற எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக்லாந்தில் தமிழ்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுடையது அவற்றில் சின்னது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுப்போம். யாழ்ப்பாணத்துக்காரர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள், மலேசியாவிலிருந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்கள், எல்லாரும் வருவோம். பிள்ளைகள் ஆடும், பெரியவர்கள் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. இதில் ஆட்சியாவது கவிழ்வதாவது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தலைவரைத் தெரிந்திருந்தால் நினைக்கமாட்டீர்கள்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாசலிலேயே நின்று, "வாங்க, வாங்க, சாப்டீங்களா" என்று கைகூப்பிக் கேட்பார். ஆனால் ஹால் சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. மைக்கும் அப்படித்தான். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவர் மட்டும்தான் எழுதமுடியும், நாங்கள் படிக்கலாம். யார் முன்வரிசையில் உட்காருவது, யார் குத்துவிளக்கின் எந்தத் திரியை ஏற்றுவது, யார் பிள்ளை முதலில் ஆடுவது, எல்லாம் அவர் முடிவு. ஒரு வருடம் நான் ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டேன். அடுத்த விழாவில் என் மகளின் நடனம் எல்லாரும் கை கழுவப் போன பிறகு நடந்தது. அதிலும் என்னிடம் வந்து, "பாப்பா பிரமாதமா ஆடுச்சுங்க" என்று மனசாரப் பாராட்டினார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

இத்தனைக்கும் அவர் ஒருமுறைகூடத் தேர்தலில் நின்றவர் இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் எழுந்து, தனக்கு வயதாகிவிட்டது, இந்தத் தடவை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பார். உடனே முன்வரிசையிலிருந்து, நீங்கள் இல்லாமல் எப்படி என்று ஒரு குரல் வரும். மறுபடி வேண்டாம் என்பார். இப்போது நாலைந்து குரல்கள் கெஞ்சும். மூன்றாவது தடவை தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் அன்புக்குக் கட்டுப்படுகிறேன் என்பார். கைதட்டல், பொன்னாடை, போட்டோ. அவ்வளவுதான், இன்னொரு வருடம்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் வீடுகளில் முதல் "வேண்டாம்" யார் காதில் விழுகிறது? விருந்தாளி போதும் என்று கையால் தட்டை மறைத்தால், விரல் இடுக்கில் தோசையைச் செருகுகிற ஆட்கள் நாம். மூன்று தடவை கேட்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. நாங்கள் தோசை போடுகிற மாதிரியே அவருக்குப் பதவியையும் போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கும் பசி அடங்கவில்லை.

அந்தத் தீபாவளியன்று அவர் பேச்சு நீண்டுகொண்டே போனது. சாப்பாடு பின்மேசையில் வெள்ளித்தாள் போர்த்தி ஆறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஹாலை விடவேண்டும். அடுத்து பாட்டுப் பயிற்சிக்கு ஹாலைப் பதிவு செய்திருந்த, டோங்கா தீவுக்காரர்களின் சர்ச் இளைஞர்கள் கிட்டாரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். தலைவர் அவர்களுக்கும் கைகூப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தன. அப்போது பாபகூராவிலிருந்து வரும் ஒருவர், வாயே திறக்காத எலக்ட்ரீஷியன், மதுரைக்காரர், எழுந்து பின்னால் போனார். ஒரு ட்ரேயைத் தூக்கினார். நேராகக் கார் பார்க்குக்கு நடந்தார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தோம். டோங்கன் பையன்கள் சாம்பார் வாளியைத் தூக்க உதவினார்கள், பிறகு எங்களோடு நின்று சாப்பிடவும் செய்தார்கள். கார் டிக்கிகளைத் திறந்து அவற்றுக்கடியில் நனையாமல் நின்றுகொண்டு புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். உள்ளே தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச்சை முடித்தார். வெளியே வந்தவர் யாரையும் திட்டவில்லை. நான் இல்லாமல் நடத்திப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி, சாவியை ஒரு கார் பானெட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே மெல்போர்னில் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டுவிட்டார். சித்திரைக்குப் பிறகு வரும் பொதுக்கூட்டத்துக்குத் திரும்பி வருவார் என்று அவருடைய ஆட்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள்.

பானெட்டில் சாவி வைக்கப்பட்ட அந்தக் கார் ஒரு டிரைவிங் இன்ஸ்ட்ரக்டருடையது. மனுரேவாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. தெற்கு ஆக்லாந்தில் கார் ஓட்டும் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் அவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள். நான் மற்றப் பாதி. எந்தக் கோஷ்டியிலும் சேராதவர், எல்லாரையும் தெரிந்தவர். கமிட்டி அன்றே அங்கேயே அவரை இடைக்காலத் தலைவராக இருக்கச் சொன்னது. அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஆறு மாசம். அடுத்த பொதுக்கூட்டம் மட்டும். அதுக்குப் பிறகு நான் இல்லை," என்றார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம். முதல் "வேண்டாம்" என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

நான் செயலாளர் ஆனேன். யாரும் மூன்று தடவை கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, செய்வீர்களா என்றார், செய்கிறேன் என்றேன், முடிந்தது.

அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அக்கா முதலில் செய்த வேலை வாட்ஸப் குழுவை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் என் போன் சூடாகிவிட்டது. சாமி படம், பூப்படம், விற்பனைக்கு ஒரு சோபா, வீட்டுக்கடன் வட்டி பற்றி ஒரு சண்டை, முருங்கைக்காய் எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று பெரிய விவாதம். மறுபடி மூடிவிடுங்கள் என்று அக்காவிடம் கெஞ்சினவர்களில் நானும் ஒருத்தி. அவர் கேட்கவில்லை. புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் முதல் வாரம் ஹார்னைத்தான் அமுக்குவார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள் என்றார். அடங்கத்தான் செய்தது. ஒரு மாதத்தில் அதே குழுவில், ஆஸ்பத்திரிக்குப் போக இரவல் கார் கேட்டு ஒருவர் எழுதினார். கால் மணி நேரத்தில் மூன்று கார்கள் கிடைத்தன.

பொங்கலன்று சாப்பாட்டை முதலில் வைத்தார். அதுதான் பெரிய புரட்சி என்று நினைத்தோம். சாப்பிட்ட பாதிப்பேர் பேச்சு தொடங்குமுன் கிளம்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஜனங்களுக்குப் பழைய ஆள்தான் சரி என்று கத்தினேன். அக்கா பாயசக் கப்போடு வாசலருகில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தார். இருக்கிறவர்கள் கேட்கத்தான் இருக்கிறார்கள் என்று ஒரே வரியில் என் வாயை அடைத்தார். முன்வரிசை நாற்காலிகளில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் போயின. ஒரு மாமி, தனக்குப் பெயரில்லாத நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

இதற்குள் எனக்குள்ளே ஒன்று முளைத்துவிட்டது. எனக்குத் தலைவராக வேண்டும். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை, அப்போது இருந்தது. என் கணவரிடம்கூட, சும்மா ஒரு பேச்சுக்கு, நான் நின்றால் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ எப்பவோ நின்னுட்ட. எங்களுக்குத்தான் சொல்லல," என்றார். என் மகள் பள்ளித் தேர்தலுக்குத் தன் மூஞ்சியையே பெரிதாகப் போட்டு, எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று போஸ்டர் ஒட்டியவள். அதைப் பார்த்து அன்று நான் கூசிப்போனேன். நம்மில் யாராவது தனக்கு வேண்டும் என்று தானே வாயைத் திறந்து கேட்பார்களா?

ஆகவே முறைப்படி ஏற்பாடு செய்தேன். பிளாக்ஹவுஸ் பே தோழி ஒருத்தி என் பெயரைச் சொல்வாள். நான், ஐயோ எனக்கெதற்கு என்பேன். இன்னொருத்தி வற்புறுத்துவாள். நான் தரையைப் பார்ப்பேன். மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள், அப்போது நான் சம்மதிப்பேன். சமையலறையில் நின்று சிரிக்கச் சிரிக்க ஒத்திகையே பார்த்தோம்.

பொதுக்கூட்டத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. முன்னாள் தலைவர் வந்திருந்தார். பேரக்குழந்தையின் படத்தைப் போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு, பழைய முன்வரிசை இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி அவருடைய ஆட்கள். எண்ணிக்கையில் அவர்கள் பக்கம் குறைவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. இன்று சாயங்காலம் சாவி மறுபடி அந்தச் சட்டைப் பைக்குள் போய்விடுமா என்ற ஒரே கேள்விதான் ஹாலில் இருந்தது.

அக்கா வெள்ளைப் பலகை பக்கத்தில் மார்க்கரோடு நின்றார். மேசையில் ஓட்டுப்பெட்டி. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் மூடியைக் கீறி அவரே செய்தது. விதியையும் சொன்னார். யார் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்த ஆள் தன் வாயால் ஓம், அதாவது ஆமாம், என்று சொன்னால்தான் பெயர் பலகையில் ஏறும். யாரும் யாரையும் கெஞ்சக்கூடாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் சொல்லப்பட்டது அக்காவின் பெயர்தான். கைதட்டல் கூரையைத் தொட்டது. அக்கா இல்லை என்றார். நீங்களே இருங்கள் என்று நாலாபக்கமும் குரல்கள். என் தோழிகூட என்னை மறந்துவிட்டு, அக்கா நீங்களே இருங்க என்று கத்தினாள், பாவி. மறுபடி இல்லை என்றார். மூன்றாவது அலை எழுந்தது. அந்த நேரத்தில் எனக்கே தோன்றிவிட்டது, இந்த மனுஷி தலையைக் குனிந்து சரி என்றால் முன்னாள் தலைவர் திரும்பி வரமுடியாது, எல்லாம் நன்றாகப் போகும். ஹால் முழுவதும் அதைத்தான் நினைத்தது. அக்கா குனியவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"நான் ஆறு மாசம் எண்டு சொன்னனான். என்ர சொல்லையே நீங்கள் நம்பாட்டி, நாளைக்கு இதில வந்து நிக்கிற ஆளின்ர சொல்லை எப்பிடி நம்பப் போறியள்?"

அடுத்த பெயர் என்ன என்று கேட்டார்.

முன்வரிசைப் பக்கமிருந்து முன்னாள் தலைவரின் பெயர் வந்தது. அவர் மெல்ல எழுந்தார், கைகூப்பினார், எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"நமக்கெதுக்குங்க இனிமே. வயசாயிருச்சு. வேண்டாமுங்க."

"நல்லது ஐயா, நன்றி," என்றார் அக்கா. "அடுத்த பேர்?"

அவர் கூப்பிய கை அப்படியே நின்றது. அந்த ஹாலில் அவருடைய முதல் "வேண்டாம்" ஒருவர் காதில் விழுந்தது அன்றுதான். அவருடைய ஆள் ஒருவர் துள்ளி எழுந்து, ஐயா மரியாதைக்குச் சொல்கிறார், அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். போகட்டும் விடு, அடுத்த பெயருக்குப் போ என்று மனசுக்குள் அக்காவை விரட்டினேன். அக்கா போகவில்லை. முன்னாள் தலைவர் பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, குத்தல் எதுவும் இல்லாமல் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு விருப்பமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. உங்கட பேரை முதலாவதா எழுதுறன். எல்லாருக்கும் இருக்கிற உரிமை உங்களுக்கும் இருக்கு."

மார்க்கரின் மூடியைக் கழற்றி, முனையைப் பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு சொல் போதும். அதைச் சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார், இதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அவர் உதடு அசைந்தது. மறுபடி எல்லாப் பக்கமும் பார்த்தார், யாராவது கெஞ்சுவார்களா என்று. விதி கெஞ்சவிடவில்லை. தனக்கு ஆசை என்று ஊருக்கு முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. "இல்லீங்க, பரவால்லீங்க," என்று சொல்லி உட்கார்ந்தார். எனக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை. அவருக்காகப் பாவமாக இருந்தது, அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் என் தோழிக்கு ஞாபகம் வந்து என் பெயரைச் சொன்னாள்.

அக்கா என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. ஆறு மாதம் கூடவே அலைந்தவள் என்ற சலுகை அதில் ஒரு துளி இல்லை. நான் எழுந்தேன். என் வாயில் தயாராக இருந்தது, ஐயோ எனக்கெதற்கு என்ற வாக்கியம். அது பாதி வெளியே வந்தும்விட்டது. "ஐயோ" என்றுவிட்டேன். முன்னால் முன்னாள் தலைவரின் பின்கழுத்து தெரிந்தது. மார்க்கர் பலகைமேல் காத்திருந்தது. என் காது இரண்டும் கொதித்தன.

"ஆமா. எனக்குத் தலைவராகணும்னு ஆசையா இருக்கு."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கோ ஒரு மாமி, அடேங்கப்பா என்றாள். அக்கா திரும்பி என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பரவசப்பட்டதில்லை என்று பிறகு கணவரிடம் சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் உட்காருவதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தீபாவளியன்று ட்ரேயைத் தூக்கிய அந்த எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றார். அவர் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை. என்னைக் கைகாட்டி, "அவங்களே சொல்லிட்டாங்க, நான் சொன்னா என்ன? எனக்கும் ஆசைதான். நானும் நிக்கிறேன்," என்றார். ஹால் வெடித்துச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை அது. எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். பிறகு ஆளுக்கு ஆள் உசுப்பிவிட்டுக்கொண்டு, பொருளாளருக்கு மூன்று பேர், செயலாளருக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். ஆசைகளை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்களோ.

ஓட்டுப்போட வரிசை வாசல்வரை நீண்டது. முன்னாள் தலைவர் எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றார். துண்டுச்சீட்டை நாலாக மடித்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "தைரியமாச் சொல்லிட்டீங்க," என்றார். நான் தலையாட்டிவிட்டு வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன்.

நான் தோற்றுப்போனேன். சொற்ப ஓட்டில். எண்ணி முடித்து எலக்ட்ரீஷியனின் பெயரைச் சொன்னதும் ஹாலே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வரிசையில் நிற்கும்போது என் கையைப் பிடித்து, உனக்குத்தான் என்று சொன்ன முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதில் எவள் ஏமாற்றியது? பதவியும் கிடைக்கவில்லை, ஆசைப்பட்டதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஜனங்களுக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன?

அக்கா சாவியைப் புதியவர் கையில் அங்கேயே கொடுத்தார். யாரோ ஒளித்துவைத்திருந்த பொன்னாடையை அக்காவுக்குப் போர்த்த ஓடிவந்தபோது அவர் ஹாலில் இல்லை. பாபகூராவில் ஒரு பெண் பாடத்துக்குக் காத்திருந்தாளாம். நான் கார் பார்க்குக்கு ஓடினேன். அக்கா காரைக் கிளப்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"அக்கா, நான் தோத்துட்டேன்," என்றேன்.

அவர் சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு வருஷத்தில இந்தச் சங்கத்தில ஒருத்தரும் தோக்கேல்ல, தெரியுமோ? நீங்கள்தான் முதல் ஆள். நான் ஆறு மாசமா ஓடித்திரிஞ்சது அதுக்குத்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. தோற்க ஒரு ஆள் நின்றால்தான் அது தேர்தல் என்பது பிறகுதான் உறைத்தது. உள்ளே சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து, பழைய செயலாளரைக் காணோமே என்று யாரோ என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் குனிந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வருஷமும் நிப்பேன் அக்கா."

"நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை ஏற்றினார்.